கேமுக்குள் வரும் கேசினோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். முன்பக்கம் பழுது பார்க்கும் மேசை, பின்னறையில் பசங்க மணிக்கணக்கில் காசு கொடுத்து விளையாட பிளேஸ்டேஷனும் சில கம்ப்யூட்டர்களும். சுவாமிமலை, வலங்கைமான் பக்கமிருந்தெல்லாம் பிள்ளைகள் வருவார்கள். பின்னாலேயே தேடிக்கொண்டு வீட்டுப் பெரியவர்களும் வருவார்கள். அந்த நேரம் பார்த்துத் திரையில் சூதாட்ட விடுதி ஓடினால் தொலைந்தேன், இரண்டு பக்கமிருந்தும் கேள்வி கிளம்பிவிடும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே எழுதிவைக்கிறேன்.

"அண்ணே, கேசினோ லெவல்னா என்ன? சீட்டு வெளையாடுற கேமா?"

சீட்டு கேம் வேறு, இது வேறு. கேசினோ என்பது பணம் வைத்து ஆடும் பெரிய விடுதி. ரூலட் சக்கரம், சீட்டு மேசை, பிடியை இழுத்தால் படங்கள் சுழலும் ஸ்லாட் மிஷின் எல்லாம் ஒரே கூரைக்கு அடியில் இருக்கும். தமிழ்நாட்டில் அப்படி ஒன்று கிடையாது. கோவாவுக்கோ சிக்கிமுக்கோ போனால்தான் பார்க்கலாம்.

கேம்களில் அது லெவலாக, அதாவது ஆட்டத்தின் ஒரு கட்டமாக, பல விதமாக வரும். சிலவற்றில் வெறும் அலங்காரம். 1992இல் வந்த சோனிக் 2இல் 'கேசினோ நைட்' என்று ஒரு பகுதி உண்டு. ஓடிக் குதிக்கிற அதே முள்ளெலி சோனிக்தான், சுற்றிலும் மட்டும் விடுதியின் விளக்கும் சாமான்களும். சிலவற்றில் கதை நடக்கும் ஊரே அதுதான்: ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸில் லாஸ் வெஞ்சுராஸ், ஃபால்அவுட் நியூ வேகாஸில் பாலைவனத்து நடுவே நியூ வேகாஸ். இன்னும் சிலவற்றில் பெரிய பயணத்துக்கு நடுவே ஒதுங்கி விளையாட ஒரு மூலை, போகிமான், டிராகன் குவெஸ்ட் மாதிரி. போனில் இருக்கும் ரம்மி ஆப் இந்தக் கணக்கில் சேராது. அதைச் சட்டக் கேள்வியில் பார்ப்போம்.

"ஏண்ணே எல்லா கேம்லயும் ஒரு கேசினோ வச்சிடுறான்? வேற எடமே கெடைக்கலையா?"

லெவல் அமைக்கிறவருக்கு இதைவிட வசதியான இடம் அமையாது. காட்டுக்குள் ஒரு ஸ்பிரிங் வைத்தால் அது ஏன் அங்கே இருக்கிறது என்று தோன்றும். கேசினோவில் எது மின்னினாலும் சுழன்றாலும் துள்ளினாலும் யாரும் கேட்கப்போவதில்லை. சோனிக் உடம்பைச் சுருட்டிப் பந்தாகிறவன், அதனால் அவனையே உருண்டையாக வைத்து ஒரு பின்பால் மேசையை, அதாவது மட்டையால் உருண்டையைத் தட்டி ஆடும் மேசையை, கட்டிவிட்டார்கள். தட்டிவிடும் மட்டைகள், இடித்தால் எகிற வைக்கும் முட்டுக்கள், அவனை விழுங்கிக்கொண்டு சுற்றும் ஸ்லாட் மிஷின்கள். கடைசியில் வரும் பாஸ் (பெரிய எதிரி) சண்டையும் பின்பால் மேசைக்குள்ளேதான். மெட்டுப் போட்டவர் ட்ரீம்ஸ் கம் ட்ரூ என்ற ஜப்பானிய இசைக்குழுவின் பாஸ் கிடார்க்காரர் மசாட்டோ நகமுரா. கடையில் அந்த இசை ஓடும்போது, டிவியைத் திரும்பிப் பார்க்காத பெரியவர்கள்கூடக் காலைத் தட்டுவார்கள்.

அடுத்த வசதி கதைக்கு. கொள்ளைக் கதை என்றால் பெட்டகம் வேண்டும், காவல் வேண்டும், கேமரா வேண்டும், யாரும் பரிதாபப்படாத பணக்கார முதலாளி வேண்டும். நான்கும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. சான் ஆண்ட்ரியாஸில் கலிகுலா விடுதியைக் கொள்ளையடிக்கும் மிஷன் 2004இலேயே வந்துவிட்டது. ஜிடிஏ ஆன்லைனில் டைமண்ட் கேசினோ 2019 ஜூலையில் திறந்தது, அதைக் கொள்ளையடிக்கும் கதை அதே வருடம் டிசம்பரில் வந்தது.

எனக்குப் பிடித்தது இந்த இரண்டும் இல்லாத மூன்றாவது வகை, கேசினோவை ஒருவரின் மனசாக வைப்பது. பெர்சோனா 5இல் ஒரு பெண் அரசு வழக்கறிஞர் வருகிறார். எப்படியாவது ஜெயித்தே ஆக வேண்டும் என்ற வெறியில், நீதிமன்றமே அவர் மனக்கண்ணில் ஒரு கேசினோவாக மாறியிருக்கும். உள்ளே போனால் எல்லா ஆட்டத்திலும் தில்லுமுல்லு. விடுதியே ஜெயிக்கிற மாதிரி எல்லாம் அமைந்திருக்கும். நேர்மையாக ஆடி அங்கே முன்னேற முடியாது என்பதை நாமே ஆடித் தோற்றுத்தான் தெரிந்துகொள்கிறோம். கப்ஹெட்டில் (2017) அண்ணன் தம்பி இருவரும் சாத்தானின் கேசினோவில் தாயக்கட்டையை உருட்டித் தங்கள் உயிரையே பணயத்தில் தோற்கிறார்கள். அந்தக் கடனை அடைக்க ஊர் ஊராகப் போய் வசூல் பண்ணுவதுதான் மொத்தக் கதையும்.

"மொதல்ல எந்த கேம்ல வந்துச்சு?"

இதுதான் முதல் என்று ஒன்றைக் காட்டுவதில் பயனில்லை. வீட்டு டிவியில் செருகி விளையாடும் அட்டாரி 1977இல் வந்தபோது, கூடவே விற்ற முதல் கேம்களில் ஒன்று பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டம். ஆக சூதாட்ட மேசை வீடியோ கேமுக்குப் பிறந்த நாளிலிருந்தே பழக்கம். அதற்குப் பிறகுதான் அது மேசையிலிருந்து எழுந்து நடமாடும் இடமாக மாறியது.

"அண்ணே, அதுல ஜெயிக்கிற காசை ஜிபேல எடுக்கலாமா?"

முடியாது தம்பி. மேலே சொன்ன எந்த கேமிலும் ஒரு ரூபாய்கூட வெளியே வராது.

ஜிடிஏ ஆன்லைன் மட்டும் கொஞ்சம் ஓரத்தில் நிற்கும் ஆள். அங்கே நிஜப் பணம் கொடுத்து கேம் பணம் வாங்கலாம், அந்த கேம் பணத்தில் கேசினோ சில்லுகள் (பணத்துக்குப் பதில் மேசையில் வைக்கும் வில்லைகள்) வாங்கி ஆடலாம், ஜெயித்தால் கேம் பணமாகவே திரும்பும். உள்ளே போக வழி உண்டு, வெளியே வர வழி கிடையாது. அப்படியிருந்தும் பல நாடுகளில் அந்தக் கேசினோவின் மேசைகளில் பணயம் வைக்க விடாமல் அடைத்துவிட்டார்கள்.

"பணம் வராதுன்னா, அப்ப இது சூதாட்டம் இல்லைங்கிறீங்களா? பாக்க அப்படியேல்ல இருக்கு?"

கேட்டவர் ஒரு பையனின் அம்மா. நல்ல கேள்வி, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். சூதாட்டம் என்று சொல்ல மூன்று வேண்டும்: நம் கையிலிருந்து ஒரு பணயம், முடிவைத் தீர்மானிக்கும் அதிர்ஷ்டம், பெறுமதி உள்ள ஒரு பரிசு. மாயவரம் கடைமுழுக்குத் திருவிழாவுக்குப் போனால் வளையம் எறியும் கடை இருக்கும். பணம் கொடுத்து வளையம் வாங்குகிறோம், சோப்பு டப்பாவின் மேல் சரியாக விழுந்தால் டப்பா நமக்கு. பணயம், பரிசு இரண்டும் அங்கே உண்டு, நடுவில் கைத்திறமையும் அதிர்ஷ்டமும் கலந்து கிடக்கின்றன. அதே கடையை ஒருவர் படமாக வரைந்து சுவரில் மாட்டினால், சீரியல் லைட் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதில் யாரும் காசு இழக்க முடியாது.

சோனிக்கின் கேசினோ அந்தப் படம். நீங்கள் பார்க்க வேண்டியது விளக்கையும் சக்கரத்தையும் இல்லை, வீட்டுப் பணம் எந்த வழியாக உள்ளே போகிறது என்பதை. கேமை ஒரு முறை விலை கொடுத்து வாங்கியதோடு முடிந்ததா, விளையாட விளையாடக் கேட்டுக்கொண்டே இருக்கிறதா? விளக்கே இல்லாத, பார்வைக்குச் சாதுவான கேமில்தான் இரண்டாவது வகை ஒளிந்திருக்கும். கீழே ஓர் அம்மாவின் கேள்வி அதைப் பற்றியதுதான்.

"கோவா போயிருந்தப்ப பாத்தேன் தம்பி, உள்ள ஒரு கடிகாரம் கூட இல்ல. கேம்லயும் அப்படித்தானா?"

பனாஜியில் மாண்டவி ஆற்றின்மேல் நிற்கும் கப்பல் கேசினோவுக்குப் போய் வந்த ஒரு மாமா கேட்டது. நிஜக் கேசினோக்களில் கடிகாரமும் ஜன்னலும் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்வது பழைய வழக்கம். நேரம் போவது தெரியக்கூடாது. வாசல் எளிதில் அகப்படாதபடி நடைபாதையும் வளைந்து வளைந்து போகும். கேம் செய்கிறவர்கள் இதையெல்லாம் கவனித்திருக்கிறார்கள்.

அதிகம் கவனித்தது நியூ வேகாஸ். 2010இல் வந்தது, அப்சிடியன் செய்தது, கதை நடப்பது 2281இல். அணு ஆயுதப் போருக்குப் பிறகு பாட்டில் மூடிதான் நாணயம். கேசினோக்கள் வரிசையாக நிற்கும் ஸ்ட்ரிப் என்ற தெருவுக்குள் நுழைய வேண்டுமென்றால் வாசலில் காவல் நிற்கும் ரோபோவிடம் 2000 மூடி கையிலிருப்பதைக் காட்ட வேண்டும், அல்லது கள்ளப் பாஸ்போர்ட் வாங்க வேண்டும். கேசினோ வாசலில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகலாம். அதுவரை எதற்கெடுத்தாலும் சுட்டுக்கொண்டிருந்தவர் அங்கே பேச்சை நம்ப வேண்டியதாகிவிடும். மூடிகளைக் கொடுத்துச் சில்லு வாங்கியபின்தான் மேசையில் உட்கார முடியும். கையில் இருப்பது பணம் மாதிரியே தோன்றாமல் இருக்க நிஜக் கேசினோ செய்யும் ஏற்பாடு அது.

அதே கேமுக்குப் பின்னால் வந்த டெட் மணி என்ற கூடுதல் கதையில் சியரா மாட்ரே என்று ஒரு பாழடைந்த கேசினோ வரும். பெட்டகத்தில் 37 தங்கக் கட்டிகள், ஒவ்வொன்றும் 35 எடை. தூக்கினால் ஓட முடியாது, ஓட முடியாவிட்டால் சாவு. பின்னறையில் பையன்கள் அதைக் கீழே வைக்க மனசில்லாமல் அடம்பிடிப்பதைப் பார்த்தால், இந்தக் கதையை எழுதியவர்களுக்கு ஆளின் மனசு நன்றாகவே தெரிந்திருக்கிறது என்று தோன்றும்.

"அந்தச் சக்கரம் நெசமாவே சுத்துதா, இல்ல ஏமாத்துறானா?"

முதலில் நிஜச் சக்கரம். ஐரோப்பிய ரூலட்டில் 1 முதல் 36 வரை எண்களும் ஒரு பூஜ்யமும், மொத்தம் 37 குழிகள். ஓர் எண்ணில் வைத்து ஜெயித்தால் வைத்ததும் சேர்த்து 36 மடங்கு கையில் வரும். 37 எண்களிலும் நூறு நூறு ரூபாய் வைத்துப் பாருங்கள்: போட்டது 3700, வந்தது 3600. எந்த எண் விழுந்தாலும் நூறு ரூபாய் விடுதிக்கு. இதுதான் 2.7 சதவீதம். அமெரிக்கச் சக்கரத்தில் பூஜ்யம் இரண்டு, அதனால் விடுதியின் பங்கு 5.26 சதவீதம். ஏமாற்றவே தேவையில்லை, கணக்கே போதும்.

கேமில் சக்கரம் என்பது படம்தான். கம்ப்யூட்டர் ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளும், பிறகு சக்கரம் அங்கே போய் நிற்பது மாதிரி காட்டும். அந்த எண்ணை எப்படி எடுப்பது என்பது செய்தவர் விருப்பம். நியூ வேகாஸில் உங்கள் பாத்திரத்துக்கு 'லக்' என்று ஒரு அளவு உண்டு, 1 முதல் 10 வரை. அது உயர உயர மேசையில் கை ஓங்கும். கப்ஹெட்டில் கிங் டைஸ் என்ற பாஸ் முன்னால் ஒரு கட்டை சுழலும், 1, 2, 3 என்று முகங்கள் மாறி மாறித் தெரியும். சரியான நேரத்தில் தட்டினால் வேண்டிய எண் விழும். தாயம் மாதிரி தெரிந்தாலும் அது முழுக்கக் கைப்பழக்கம். சோனிக் 2 ஸ்லாட்டில் மூன்றும் வில்லன் ரோபோட்னிக்கின் முகமாக வந்தால், முள் பந்துகள் பாய்ந்து, சோனிக் சேர்த்துவைத்த வளையங்களில் 100 வரை பறித்துக்கொள்ளும்.

பொதுவாக, ஒரே விலைக்கு விற்றுவிட்ட கேம் உங்களை வேண்டுமென்றே தோற்கடிக்காது. விற்றவனுக்கு வரவேண்டிய பணம் வந்துவிட்டது. நீங்கள் சலித்து மூடாமல் இருந்தால் போதும் என்றுதான் பார்ப்பான்.

"சேவ் பண்ணிட்டு ஆடி, தோத்தா லோடு பண்ணிக்கலாமே? எதுக்கு கஷ்டப்படணும்?"

பல கேம்களில் செல்லும். நியூ வேகாஸ்காரர்கள் இதை முன்பே யோசித்துவிட்டார்கள்: லோடு செய்த உடனே மேசையில் உட்கார்ந்தால் சற்று நேரம் ஆட விடமாட்டார்கள். ஜெயித்துக்கொண்டே போனால் முதலில் உபசாரம் வரும், குடிக்கக் கொடுப்பார்கள், அறை கொடுப்பார்கள். அளவு மீறினால் இனி இங்கே ஆடக்கூடாது என்று மரியாதையாகத் தடை போட்டுவிடுவார்கள். நிஜ விடுதியும் இப்படித்தான்.

ஓட்டைகளில் என் கண்ணுக்கு அழகானது டிராகன் குவெஸ்ட் 4இன் கேசினோ. 1990இல் ஜப்பானில் வந்தது. ஒரு கேசினோ காசு 20 தங்கம். சரியாக 838861 காசு கேட்டால் விலை 1,67,77,220 தங்கம் ஆக வேண்டும். ஆனால் கேம் அந்தக் கணக்குக்கு ஒதுக்கிய நினைவகத்தில் 1,67,77,215க்கு மேல் எழுத இடமில்லை. அடுத்த எண்ணிலேயே பூஜ்யத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். மிஞ்சுவது 4. ஆக நான்கே தங்கத்துக்கு எட்டு லட்சத்துச் சொச்சம் காசு! கடைக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளிடம் 24 பிட் என்றால் என்ன என்று விளக்க இதைத்தான் சொல்லுவேன்.

"மன்றத்துல சீட்டுன்னா நான் கெட்டி. இதுலயும் ஜெயிப்பேனா?"

மனமகிழ் மன்றத்து மாமா ஒருவரின் கேள்வி. ரம்மி இந்த கேம்களில் தேடினாலும் கிடைக்காது மாமா. போக்கர் தெரிந்தால் ரெட் டெட் ரிடெம்ப்ஷனில் உட்காரலாம். மற்றபடி அந்தந்த உலகத்துக்கென்றே கண்டுபிடித்த ஆட்டங்கள் உண்டு: நியூ வேகாஸில் கேரவன், விட்சர் 3இல் குவென்ட். விதி புதிது என்பதால் அனுபவசாலியும் அரிச்சுவடியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

"பழைய போகிமான்ல ஸ்லாட் மிஷின் இருந்துச்சே, புதுசுல ஏன் காணோம்?"

1996இல் ஜப்பானில் வந்த முதல் போகிமானிலேயே செலடான் ஊரில் கேம் கார்னர் என்ற ஸ்லாட் கூடம் இருந்தது. அங்கே ஒட்டியிருந்த ஒரு போஸ்டருக்குப் பின்னால்தான் டீம் ராக்கெட் என்ற வில்லன் கும்பலின் ரகசியக் கூடாரம். ரெட் பதிப்பில் போரிகான் என்ற போகிமானுக்கு விலை 9999 காசு. ஸ்லாட்டில் கைவலிக்க ஆடலாம், அல்லது 50 காசு 1000 என்று கேம் பணத்துக்கே வாங்கிக்கொள்ளலாம். கணக்குப் போட்டால் ஏறக்குறைய இரண்டு லட்சம்.

பிறகு நாடுகள் ஒவ்வொன்றாக முகம் சுளித்தன. சிறுவர் விளையாட்டில் ஸ்லாட் எதற்கு என்று கொரியாவில் மாற்ற வேண்டியதாயிற்று. போகிமான் பிளாட்டினத்தின் ஐரோப்பியப் பதிப்பில் மிஷின்கள் வேலை செய்யாது. ஹார்ட்கோல்டு, சோல்சில்வரில் ஜப்பானுக்கு வெளியே ஸ்லாட்டை எடுத்துவிட்டு வோல்டார்ப் ஃபிளிப் என்ற புதிரை வைத்தார்கள். 2010இல் வந்த பிளாக், ஒயிட்டிலிருந்து கேம் கார்னரே இல்லை. 2014இல் ரூபி, சஃபையரைப் புதுப்பித்தபோது பழைய கேம் கார்னர் மூடிக் கிடப்பதாகக் காட்டினார்கள். ஸ்லாட்டை எடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. வோல்டார்ப் ஃபிளிப் மூளைக்கு வேலை கொடுப்பது, அதைத்தான் தூக்கியிருக்கக்கூடாது.

"பலாட்ரோவுக்கு 18+ போட்டாங்களாமே, அதுல அப்படி என்ன இருக்கு?"

ஒன்றுமில்லை, சீட்டுக்கட்டுதான். 2024 பிப்ரவரியில் வந்தது. போக்கரில் வரும் சேர்க்கைகளை வைத்துப் புள்ளி எடுக்க வேண்டும், அவ்வளவுதான். பணயம் கிடையாது, கேமுக்குள் நிஜப் பணத்துக்கு எதுவும் விற்பதில்லை. ஐரோப்பாவில் கேம்களுக்கு வயது எண் போடும் பெகி அமைப்பு முதலில் 3 என்று போட்டு, வெளிவந்த சில நாட்களில் 18 ஆக்கியது. 2020லிருந்து அவர்கள் வைத்திருந்த விதி அது: சூதாட்டத்தைக் கற்றுக்கொடுக்கிறது என்று தோன்றினால் 18. மேல்முறையீட்டுக்குப் பிறகு 2025 பிப்ரவரியில் 12 ஆகக் குறைத்தார்கள்.

இதில் வேடிக்கை, நிஜப் பணத்துக்குப் பிரிக்காத சீட்டுப் பொட்டலம் விற்கும் கால்பந்து கேம் அதே காலத்தில் 3 வயதுக்கு ஏற்றது என்ற முத்திரையோடு கடையில் இருந்தது. சீட்டுப் படம் இருந்தால் ஆபத்து, பந்துப் படம் இருந்தால் ஆபத்தில்லை என்பது என்ன கணக்கோ.

"ஆன்லைன் கேமுக்கெல்லாம் தடைன்னு பேப்பர்ல போட்டிருந்தானே. பையன் இதை வெளையாடுனா போலீஸ் வருமா?"

வராது. தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தைச் சட்டமன்றம் 2022 அக்டோபரில் நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்றி, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அந்த வருடம் நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று சொல்லி அவற்றை மட்டும் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தது. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே ஒரு சட்டம் கொண்டுவந்தது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி, பணம் வரும் என்று எதிர்பார்த்து ஆடும் எந்த இணைய ஆட்டத்தையும் நடத்தக்கூடாது என்பது அதன் சாரம். ரம்மி ஆப்கள் பண ஆட்டத்தை நிறுத்தியது அதனால்தான்.

சோனிக்கும் நியூ வேகாஸும் அந்த வரையறைக்குள் வராது. பணம் திரும்பி வருவதே இல்லை என்று ஜிபே கேள்வியில் சொன்னதுதான் காரணம். வலையில் சேர்ந்து விளையாடும் சாதாரண கேம்களையும் இ-ஸ்போர்ட்ஸ் எனும் போட்டி ஆட்டங்களையும் அந்தச் சட்டமே தனியாகப் பிரித்து அனுமதிக்கிறது.

"எம் பையன் போன்ல சுடுற கேம்தான் வெளையாடுறான், அதுல கேசினோவே இல்ல. ஆனா குறுவை வித்த காசுல ரெண்டாயிரம் போயிடுச்சே தம்பி?"

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்த மாதிரிக் கேள்விகளால்தான். அந்த கேமுக்குள் ஒரு சக்கரம் இருக்கும். துப்பாக்கிக்குப் புது நிறம், ஆளுக்குப் புது உடை என்று பரிசுகளைச் சுற்றி அடுக்கியிருப்பான். சுற்றுவதற்கு டைமண்ட் வேண்டும், டைமண்டுக்கு ரூபாய் வேண்டும். சில சக்கரங்களில் ஒவ்வொரு சுற்றுக்கும் விலை ஏறிக்கொண்டே போகும். கோவா கேள்வியில் சொன்ன சில்லு ஞாபகம் இருக்கிறதா? அதே ஏற்பாடுதான். ரூபாய் டைமண்டாக மாறியதும் எவ்வளவு போனது என்பது மண்டையில் ஏறாது.

எப்போது வரும் என்று தெரியாத பரிசுதான் விடாமல் ஆட வைக்கும். உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்து இதைக் காட்டிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஸ்லாட் மிஷின் ஓடுவதும் இதில்தான். உலகமும் சும்மா இருக்கவில்லை. ஒரு வரிசைப் பரிசுகளை முழுதாகச் சேர்த்தால் பெரிய பரிசு என்ற முறையை ஜப்பான் 2012இல் நிறுத்தியது. பணம் கொடுத்துத் திறக்கும் பரிசுப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தை மீறுவதாக பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் சொன்னது. 2019இல் என்பிஏ 2கே20 என்ற கூடைப்பந்து கேமின் விளம்பரத்தில் ஸ்லாட் மிஷினையும் சுழலும் சக்கரத்தையும் பார்த்துப் பலர் கொதித்துப்போனார்கள். அந்த கேமுக்கும் பெகி கொடுத்திருந்த வயது எண் 3.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: பிளே ஸ்டோர் அமைப்புகளில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றுங்கள். யுபிஐ பின் நம்பரைப் பையனுக்குச் சொல்லியிருந்தால் இன்றே மாற்றுங்கள். பெட்டிக்கடையில் ரீசார்ஜ் மாதிரி ரிடீம் கோடு விற்கிறார்கள், கைச்செலவுக் காசு அங்கேயும் போகும் என்பது தெரிந்திருக்கட்டும். பையனைத் திட்டுவதற்கு முன்னால், அந்தச் சக்கரத்தை உங்களுக்குச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

"எத்தன வயசுல வெளையாட விடலாம்?"

சோனிக் யாரும் விளையாடலாம். கப்ஹெட் பத்துப் பன்னிரண்டு வயதில் சரி, கடினம் அதிகம் என்பதால் அழுகை வரும். சான் ஆண்ட்ரியாஸும் நியூ வேகாஸும் பெரியவர்களுக்கானவை. அதற்குக் காரணம் கேசினோ இல்லை, ரத்தமும் வசவும்.

"அண்ணே, காலேஜ் ப்ராஜெக்டுக்கு நம்ம ஊர்ல கேசினோ லெவல் வக்கணும். ஐடியா குடுங்க."

நம்ம ஊரில் கேசினோவே இல்லாதபோது வேகாஸை அப்படியே கொண்டுவந்து தஞ்சாவூர் ரோட்டில் வைத்தால் ஒட்டாது. லெவலுக்குக் கேசினோ கொடுப்பது என்ன என்று பாருங்கள்: இரவு வெளிச்சம், துள்ளும் பொருட்கள், கூட்டம், இரைச்சல், எதுவும் நடக்கலாம் என்ற நினைப்பு. அதெல்லாம் கடைமுழுக்கு இரவில் இருக்கிறது. ராட்டினம், மரணக் கிணறு, பலூன் சுடும் கடை, ஜெனரேட்டர் சத்தம், மைக் செட்டில் தொலைந்துபோன பிள்ளையின் அடையாளம் சொல்லும் குரல், துலாக்கட்டப் படிகளில் ஈரம்.

பின்பால் வேண்டுமென்றால் இன்னும் நல்லது இருக்கிறது: கல்லணை. மேலிருந்து வரும் ஓட்டம் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்காகப் பிரிகிறது. ஷட்டர்கள்தான் மட்டைகள். நாயகனை ஒரு தேங்காயாகவோ பரிசலாகவோ வைத்து, எந்த ஷட்டரை எப்போது தூக்குகிறோமோ அந்த ஆற்றில் இறங்கட்டும். கொள்ளிடத்தில் விழுந்தால் நேராகக் கடல், ஆட்டம் முடிந்தது. வெண்ணாற்றில் போனால் பிரிந்து பிரிந்து மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கம் வாய்க்கால் வாய்க்காலாகப் புள்ளி சேர்க்கலாம். ஷட்டரைத் திறந்து மூடும் லஸ்கரைப் பாஸாக வையுங்கள். முறைவைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் அவர்தான் உண்மையிலேயே பாஸ்.

"வீட்டுல பழைய லேப்டாப்தான். எதுல ஆரம்பிக்கலாம்?"

சோனிக் 2 போனிலேயே ஓடும், பாதி மணி நேரத்துக்குள் கேசினோ நைட் வந்துவிடும். கப்ஹெட்டுக்கு கண்ட்ரோலர் இருந்தால் விரல் பிழைக்கும். நியூ வேகாஸ் 2010 கேம் என்பதால் பழைய லேப்டாப்பே போதும், ஆனால் அடிக்கடி நின்றுபோகும் வழக்கம் அதற்கு உண்டு. சித்திரை வெயிலில் கரண்ட் வேறு போகும், அதனால் சேவ் செய்துகொண்டே இருங்கள். பாத்திரம் உருவாக்கும்போது லக்கை 8க்குக் கீழே வைக்காதீர்கள். ஸ்ட்ரிப் வாசலில் காட்ட 2000 மூடி சேராவிட்டால், கள்ளப் பாஸ்போர்ட் விற்கிறவர் ஸ்ட்ரிப்புக்கு வெளியே ஃப்ரீசைடு தெருவில் கடை போட்டிருக்கிறார்.